குரங்கு கடித்ததைக் கம்பி கிழித்தது என்று சொன்னேன்

காலாண்டு லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை. தெரிந்தவர்கள் எல்லாம் கொடைக்கானல், மூணாறு என்று ஸ்டேட்டஸ் வைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வேலை, அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. நான், ஒன்பது வயது மகள், ஐந்தரை வயது மகன், மாமியார் என்று நாலு பேர், கே.புதூரிலிருந்து ஒரு கார் பிடித்து அழகர் மலைக்குக் கிளம்பினோம். மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். அடிவாரத்தில் கள்ளழகரும் பதினெட்டாம்படிக் கருப்பும், மலைமேல் பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கை. சுற்றிலும் காடு. சொல்லிக்கொள்ளும்படியாக ஒரு மிருகக்காட்சி சாலை இல்லாத ஊரில் எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் வண்டலூர். குரங்கு பார்க்கலாம், வண்ணத்துப்பூச்சி பார்க்கலாம், சாமியும் கும்பிட்டுவிடலாம். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் வாடகையில் ஒரு நாள் கழிந்துவிடும் என்பது என் கணக்கு. அந்த நாள் தீபாவளி வாரம் வரைக்கும் நீண்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கீழே தரிசனம் முடித்து அழகர் கோயில் தோசை வாங்கினோம். நெய்யில் பொரித்து, மிளகும் சுக்கும் உறைக்கிற, கையில் எடுத்தால் கனக்கிற தோசை. அதை ஒரு கேரி பேக்கில் போட்டு, கூடவே அரைச் சீப்பு வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு மேலே போனோம். முதல் தப்பு அந்தக் கேரி பேக். அந்தச் சரசரப்பு இருக்கிறதே, மலைமேல் இருக்கிற குரங்குக்கு அது பள்ளிக்கூட மணி மாதிரி. நாம் பைக்குள் கையை விடுவதற்குள் அது மரத்திலிருந்து பாதி தூரம் இறங்கிவிடுகிறது. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஜிப் உள்ள பைக்குள் தள்ளியிருந்தால் எங்களைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. பக்கத்திலேயே முதுகுப்பை மாட்டிய ஒரு காலேஜ் கூட்டம் நின்றது, அவர்களை ஒரு குரங்கும் சட்டை செய்யவில்லை.

அடுத்தது என் தப்பு. இதை எழுத இன்னமும் கூச்சமாகத்தான் இருக்கிறது. குரங்கு தானாக வந்து கடிக்கவில்லை. நான்தான் பழத்தை உரித்து மகன் கையில் கொடுத்து, "குடுடா, பயப்படாத, அம்மா வீடியோ எடுக்கிறேன்" என்றேன். அது ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. உணவு கொடுக்காதீர்கள் என்று வரும் வழியில் பலகையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். எல்லாரும் கொடுக்கிறார்கள், நாமும் கொடுத்தால் என்ன என்றுதான் நினைத்தேன். பையன் பழத்தை நீட்டினான். அது கை நீட்டியதும் பயந்து பழத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவ்வளவுதான். வலது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் ஒரு கவ்வு. பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நான் போனைக் கீழே போட்டுவிட்டு ஓடியபோது இன்னொரு குரங்கு கேரி பேக்கைத் தூக்கிக்கொண்டு மரமேறியது. அதற்குள் தோசையோடு மாமியாரின் பிரஷர் மாத்திரையும் இருந்தது.

ஒரு நிமிடத்துக்குள் எங்களைச் சுற்றிப் பத்துப் பேர். ஆளுக்கொரு வைத்தியம். கடைக்கார அம்மா, "ஏத்தா, சுண்ணாம்பு வச்சு அமுக்கு, விஷம் ஏறாது" என்று வெற்றிலைப் பெட்டியையே எடுத்துவிட்டார். இன்னொருவர் காபித்தூள் என்றார். மாமியார் மடியிலிருந்து விபூதியை எடுத்து அப்பிவிட்டு, "ஆஞ்சநேயர் கடிச்சா ஒண்ணும் ஆகாது, அழாத சாமி" என்றார். பயத்தில் இருப்பவளுக்கு எது ஆறுதலாக இருக்குமோ அதுதானே காதில் ஏறும். எனக்கு மாமியார் சொன்னதுதான் ஏறியது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, துப்பட்டாவால் ஒற்றிவிட்டுக் காருக்கு நடந்தோம்.

அந்த நேரத்தில் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில், கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுவது. ரேபிஸ் என்கிற வெறிநோயின் கிருமி எச்சில் வழியாகக் காயத்தில் இறங்குகிறது. அது நரம்புக்குள் போவதற்கு முன் அங்கேயே அதைக் கழுவித் தள்ளுவதுதான் முதல் வைத்தியம். சோப்பு அந்தக் கிருமியின் மேலுறையைக் கரைத்துக் கொன்றுவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். பதினைந்து நிமிடம் என்பது கேட்க லேசாக இருக்கும். அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கழுவிப் பார்த்தால் மூன்றாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். போதாது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அவை காயத்தை எரித்துப் புண்ணாக்கும், கிருமியை இன்னும் உள்ளே தள்ளும். கழுவி முடித்தபின் பெட்டாடின் இருந்தால் போடலாம். மலையில் சோப்புக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அடிவாரத்துப் பெட்டிக் கடையில் பத்து ரூபாய்ச் சோப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வரும்போது அதைத் தாண்டித்தான் வந்தோம்.

காரில் வரும்போது வீட்டுக்காரர் போன் செய்தார். பின்னால் பையன் அழுகிற சத்தம். "என்னாச்சு?" என்றார். என் வாயிலிருந்து வந்தது, "கம்பி வேலில கை கிழிச்சுக்கிட்டான், சின்னக் காயம்." ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் திட்டுகிற ஆளே இல்லை. ஆனால் நாலு மாதமாகத் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு குறையும் இல்லாமல் பார்க்கிறேன் என்று எனக்குள் ஒரு வீம்பு. பழத்தைக் கொடுத்ததே நான்தான் என்று சொல்ல நா எழவில்லை. முன்சீட்டிலிருந்து மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு தடவை சொன்ன பொய்யை அடுத்த இடத்திலும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் நாலரைக்கு வீட்டுக்குப் பக்கத்து கிளினிக். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வழக்கமான டாக்டர் இல்லை, வேறொருவர் இருந்தார். அவரிடமும் கம்பி என்றேன். காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பி இப்படி ரெண்டு புள்ளியாவா கிழிக்கும்?" என்று கேட்கவும் செய்தார். நான் தலையை ஆட்டினேன். டி.டி. ஊசி, ஆன்டிபயாடிக் சிரப், இறுக்கமாக ஒரு கட்டு. அறுநூற்றைம்பது ரூபாய். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். அவரிடம் சொன்ன காயத்துக்கு அவர் சரியான மருந்துதான் கொடுத்தார். டி.டி. ரண ஜன்னிக்கான ஊசி, வெறிநோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "ஊசி போட்டாச்சு" என்ற நினைப்பில் நிறையப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் அன்றைக்கு நிம்மதியாக இட்லி ஊற்றினேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு மகள் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தாள். என்னடி என்றால், "அப்பாகிட்ட ஏம்மா கம்பின்னு சொன்ன?" என்றாள். சும்மா தூங்கு என்று அதட்டிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வீடியோ அதில் அப்படியே இருந்தது. பதினொரு விநாடி. அதுவரை நான் அதைத் திறக்கவில்லை. முதல் நாலு விநாடி பையன் சிரிக்கிறான். ஐந்தாவது விநாடியில் குரங்கு புருவத்தைத் தூக்கி, கண் இமைக்காமல் அவனைப் பார்த்து, வாயைத் திறந்து பல்லைக் காட்டுகிறது. பின்னணியில் என் குரல்: "சிரிக்குது பாருடா!" அதை மட்டும் ஏழெட்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். சிரிப்பே இல்லை அது. கிட்டே வராதே என்று அதன் மொழியில் எச்சரிக்கிறது. மூன்று விநாடி நேரம் கொடுத்திருக்கிறது, பாவம், குட்டி வைத்திருந்த தாய். நாங்கள்தான் கேட்கவில்லை.

அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் கூச்சம். தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கண்ட வீடியோக்களைப் பார்த்தால் இருக்கிற பயம் பத்து மடங்காகும், பயன் ஒன்றும் இருக்காது. 104 என்ற அரசு மருத்துவ உதவி எண் நினைவுக்கு வர அரை மணி நேரம் ஆயிற்று. அதில் பேசிய பெண்ணிடம்தான் அன்றைய நாளின் முதல் உண்மையைச் சொன்னேன். "குரங்குதான் கடித்தது, ரத்தம் வந்தது, மதியம் ஒரு மணிக்கு." அவர் பதறவில்லை. இப்போதே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காலையில் முதல் வேலையாக அரசு மருத்துவமனைக்குப் போங்கள் என்றார். நேரமாகிவிட்டது என்று விட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன். விடவே கூடாது என்றார். தூங்குகிற பிள்ளையை எழுப்பி, கட்டைப் பிரித்து, குழாயடியில் நிறுத்திக் கழுவினேன். அவன் கேட்ட கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. "குரங்கு பகல்லதானம்மா கடிச்சுச்சு, இப்ப ஏன் கழுவுற?"

அன்று ராத்திரியும் மறுநாளும் தெரிந்துகொண்டதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் என்றாலே நாய் என்றுதான் நினைக்கிறோம். பாலூட்டி எதுவானாலும் வரலாம். பூனை, குரங்கு, நரி, கீரி எல்லாம் சேர்த்தி. வீட்டு நாய் கடித்தால் ஊசியை ஆரம்பித்துவிட்டு, பத்து நாள் நாயைக் கவனித்து, அது நன்றாக இருந்தால் மேற்கொண்டு என்ன செய்வது என்று டாக்டர் முடிவு செய்வார். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான். "குரங்கு நல்லாத்தானே இருந்துச்சு, ஓடியாடிச்சே" என்று எனக்குச் சொன்னவர்கள் அரை டஜன் பேர். அந்தப் பேச்சே செல்லாது. கடியை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். தோல் கிழியாமல் தொட்டதோ நக்கியதோ முதல் வகை, அதற்குக் கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல் இரண்டாவது வகை, அதற்குத் தடுப்பூசி. ரத்தம் வந்த கடி, கீறல், அல்லது வாய், கண் மாதிரி ஈர இடங்களில் எச்சில் பட்டது மூன்றாவது வகை, அதற்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு மருந்தும் வேண்டும். காட்டு விலங்கு கடித்தால் மூன்றாவது வகையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முகம், தலை, கழுத்து, கை என்றால் இன்னும் அவசரம், அங்கே நரம்புகள் நெருக்கம். நோய் வந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. வருவதற்கு முன்னால் மருந்து போய்விட்டால் தடுத்துவிடலாம். அறிகுறி தெரியச் சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு முன்பும் பின்பும் வரலாம். அதனால்தான் ஒரு நாள், ஒரு வாரம் தாமதமானவர்களும் போயே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலையிலும் நான் நேராக அரசு மருத்துவமனைக்குப் போகவில்லை. கூட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பதிவுக் கட்டணம் நானூறு. ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தபின், தடுப்பூசி இருக்கிறது, இம்யூனோகுளோபுலின் கைவசம் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். ஆட்டோவில் மூன்று மருந்துக் கடை ஏறி இறங்கினேன். இரண்டில் இல்லை. மூன்றாவதில் மனித ரத்தத்திலிருந்து எடுக்கும் வகை இருந்தது. பையன் எடைக்கு இரண்டு குப்பி வேண்டும், இரண்டும் சேர்த்துப் பதினோராயிரத்துச் சொச்சம் என்றார்கள். பர்ஸில் மூவாயிரம் இருந்தது. கழுத்துச் செயினைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அங்கிருந்த நர்ஸம்மா ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, தடுப்பூசி ஓரிடம், இந்த மருந்து ஓரிடம்னு அலையாதீங்க. கவர்மெண்டு ஆஸ்பத்திரில ரெண்டும் ஒரே இடத்துல, காசில்லாமப் போடுவாங்க. நேரா அங்க போங்க" என்றார். அவர் வேலை பார்க்கிற இடத்துக்கு அந்த வார்த்தையால் நஷ்டம்தான். அவருக்கு நூறாயுசு.

யாராவது இப்படி ஒரு நிலைமையில் கிளம்பினால், வீட்டை விட்டு இறங்குவதற்கு முன் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். தடுப்பூசி இருக்கிறதா, இம்யூனோகுளோபுலின் இருக்கிறதா? "ஊசி இருக்கா" என்று மட்டும் கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஆனால் ரத்தம் வந்த கடி என்றால் இரண்டாவது மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் பெரும்பாலும். தடுப்பூசி போட்டு உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காவல் காக்க வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிற போலீஸ்தான் இம்யூனோகுளோபுலின் என்று டாக்டர் பிறகு சொன்னார். முதல் தடுப்பூசியோடு சேர்த்தே போடுவது நல்லது. அன்றைக்குக் கிடைக்காவிட்டால் முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு பயனில்லை.

அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கி வரிசையில் நின்றபோது மணி பதினொன்றரை. வெளியே வரும்போது மூன்று. நாய்க்கடிக்கு வந்தவர்கள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைத்ததில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண். கேட்ட முதல் கேள்வி, எது கடித்தது. சொன்னேன். "நேத்து மதியமா? ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார். கம்பிக் கதையையும் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் திட்டவில்லை, எழுதிக்கொண்டே, "நிறையப் பேர் அப்படித்தான் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார். பையனைத் தராசில் ஏற்றினார்கள், பதினெட்டு கிலோ. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து, கிலோவுக்கு 40 யூனிட் கணக்கு. அலர்ஜி ஏதும் உண்டா என்று கேட்டார்கள். இந்த மருந்தைக் கையிலோ தொடையிலோ போட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, காயத்துக்குள்ளேயே போடுகிறார்கள்.

என் மடியில் உட்கார வைத்து, அவன் இரண்டு காலையும் என் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். கையை மேஜைமேல் விரித்து நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தார். கட்டைவிரல் இடுக்கில் மெல்லிய ஊசி இறங்கியது. மருந்து போகப் போக அந்தச் சதை வெளுத்துப் பொங்கியது, ஊசியை எடுத்துப் பக்கத்தில் இன்னொரு குத்து, மறுபடி இன்னொன்று. நான் எண்ணியவரை ஆறு. அவன் கத்தியதை எழுத வராது. ஒரு கட்டத்தில் கத்தலை நிறுத்திவிட்டு, "சரி, இனிமே குடுக்க மாட்டேன், சரி" என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னான், ஏதோ அவன் தப்பு மாதிரி. அப்போதுதான் நான் அழுதேன். அதோடு பார்த்தால் தடுப்பூசி ஒன்றுமேயில்லை. இரண்டு தோளிலும் தோலுக்குள்ளேயே கடுகளவு மேடு எழும்புகிற மாதிரி ஒவ்வொரு சொட்டு. அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கிளினிக்கில் போட்டதுபோல இறுக்கிக் கட்டுப் போடக் கூடாது, இந்த மாதிரிக் காயத்துக்குத் தையலும் முடிந்தவரை போடுவதில்லை, திறந்தே இருக்கட்டும் என்றார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமில்லை. அப்புறம், "டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொன்னியா?" என்று கேட்டார். சொல்லிட்டேன் என்றேன். "அப்பச் சரி" என்றார். இதற்குத்தான் நான் அவ்வளவு பயந்து ஓடியது.

அடுத்து தேதிகள். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடுவதற்கு 0, 3, 7, 28 என்று நாலு தடவை. தனியாரில் பெரும்பாலும் சதையில் போடுகிறார்கள், அது 0, 3, 7, 14, 28 என்று ஐந்து தடவை. அந்த 0-தான் எல்லாரையும் குழப்புகிறது. முதல் ஊசி போட்ட நாள் ஒன்று அல்ல, பூஜ்யம். எங்களுக்குத் திங்கள் பூஜ்யம் என்றால் மூன்றாம் நாள் வியாழன், ஏழாம் நாள் அடுத்த திங்கள், இருபத்தெட்டாம் நாள் நாலு வாரம் கழித்து அதே திங்கள். வியாழக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் புதன்கிழமையே வந்துவிட்டாராம், மறுநாள் வரச் சொன்னார்களாம், மேலூரிலிருந்து இரண்டு தடவை பஸ் ஏறியிருக்கிறார். சீட்டை வாங்கியவுடன் காலண்டரில் கிழமையோடு எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டை எறியாதீர்கள். நாளைக்கே இன்னொன்று கடித்தாலும், முழுதாகப் போட்டவர்களுக்கு இரண்டு ஊசி மட்டும் போதும், காயத்துக்குள் குத்துகிற அந்த மருந்து தேவையில்லை. எங்கள் சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.

வீட்டில் ஒரு மாதமும் பத்திய ஆராய்ச்சிதான். கறி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆளாளுக்கு. டாக்டரிடம் கேட்டேன், ஒரு பத்தியமும் இல்லை என்றார். மாமியாருக்கு வேறு கவலை. அவர் சின்ன வயதில் தெருவில் ஒருவருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டதைப் பார்த்திருக்கிறார். பேரனுக்கும் அதுதான் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஆஞ்சநேயரை இழுத்திருக்கிறார், பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அது ஆட்டு மூளையிலிருந்து செய்த பழைய மருந்து, அந்த ஊசியையே 2004 முடிவில் நம் நாட்டில் நிறுத்திவிட்டார்கள். இருபது வருடம் ஆகியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

கணக்கு கேட்பவர்களுக்கு: கார் வாடகை ஆயிரத்து எண்ணூறு. கிளினிக் அறுநூற்றைம்பது, தனியார் பதிவு நானூறு, ஆட்டோவுக்கு எல்லாத் தடவையும் சேர்த்து ஆயிரத்து நூறு, மாமியாரின் மாத்திரை முந்நூற்று இருபது. நான் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன், நாலு நாள் சம்பளம் போயிற்று. போன் ஸ்கிரீன் உடைந்தது, அதை இன்னும் மாற்றவில்லை. ஊசிக்கு மட்டும் ஒரு பைசா செலவில்லை. உண்மையைச் சொல்லி நேராகப் போயிருந்தால் ஆட்டோ காசோடு முடிந்திருக்கும்.

மலைக்குப் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பிறகும் போனோம். பையில் அரைக் கட்டிச் சோப்பும் இரண்டு லிட்டர் தண்ணீரும் தனியாக எடுத்துக்கொள்கிறேன், குடிக்க அல்ல. சாப்பாட்டைக் காருக்குள்ளேயே முடித்துவிடுகிறோம். கண்ணாடி போட்டவர்கள் மேலே நடக்கும்போது கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது. குரங்கு ஒரு பொருளைப் பிடித்துவிட்டால் இழுபறி செய்யாதீர்கள், விட்டுவிடுங்கள். பிடுங்கும்போதுதான் கடிக்கிறது. கண்ணுக்குக் கண் முறைக்காமல், முதுகைக் காட்டி ஓடாமல், மெல்லப் பின்னால் நகர வேண்டும். குட்டியோடு இருப்பதன் பக்கமே போக வேண்டாம். வெறுங்கையை விரித்துக் காட்டினால் பெரும்பாலும் அது ஆர்வமில்லாமல் போய்விடுகிறது, என் மகள் கண்டுபிடித்தது இது. பழம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் இப்போது நான் சும்மா இருப்பதில்லை. இரண்டு பேர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள், ஒருவர் "உங்க வேலையப் பாருங்க" என்றார். போகட்டும்.

இருபத்தெட்டாம் நாள் தீபாவளி வாரத்துத் திங்கட்கிழமையில் வந்தது. கடையில் அந்த வாரம் லீவு கேட்டால் முதலாளி முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காயம் ஆறி இரண்டு வெள்ளைப் புள்ளிதான் இருந்தது, மூன்று ஊசி போட்டாயிற்றே, போதாதா என்று முந்தைய நாள் ராத்திரி வரை மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. மாமியார்தான் காலையில் பையனுக்குச் சட்டை போட்டு வாசலில் நிறுத்திவிட்டார். அன்று ஊசி அறையில் புது நர்ஸ். சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, "எதுடா தம்பி கடிச்சது?" என்றார். அவன் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவரிடம் கையைக் காட்டி, "கம்பி இல்ல, குரங்கு" என்றான்.